வெண்ணெய் உருண்டையாவது எறியுங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் வரைந்த படம் ஒன்று ஐந்து மாதமாகத் தொங்குகிறது. வந்துபோனவர்கள் அதைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் ஒரு பழைய டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். கணக்கெழுதிப் பிழைக்கிறவளுக்கு வேறென்ன தெரியும்? நேற்று ராத்திரி கூட்டிப் பார்த்தேன். ‘சூப்பர்’ 17. ‘நல்லா இருக்கு’ 11. ‘என்னங்க இது?’ 9. ‘இதுக்கெல்லாம் உங்களுக்கு நேரம் கிடைக்குதா?’ 6. ‘மனசு எதுவும் சரியில்லையா?’ 4. ‘இந்தச் சுவத்துல ஆணி எப்படி இறங்குச்சு?’ 1.

ஆணியைப் பற்றிக் கேட்டவர் மாடி வீட்டுக்காரர். இந்த 48 பேரில் கேள்வியும் கேட்டு, பதிலுக்காக நின்றவர் அவர் ஒருவர்தான்.

படம் இதுதான். மூன்றடிக்கு இரண்டடி கேன்வாஸ். நம்மை நேராகப் பார்த்து நிற்கும் ஓர் ஆள். பச்சை முகம். இடது தோளில், அவன் தலையைப் போல இரண்டு மடங்கு பெரிய கருஞ்சிவப்புக் குடம். குடத்தில் மூன்று ஓட்டை. மூன்றிலிருந்தும் மஞ்சளாக ஒழுகி, அவனுக்கு முன்னால் கொட்டி, காலடியில் தேங்குகிறது. சுற்றிலும் வானமும் கிடையாது, மண்ணும் கிடையாது. தட்டைக் கத்தியால் இழுத்த சாம்பல் நிறம் மட்டும்.

எதிர்வீட்டு அக்கா வந்தார்கள். “வைகையில தண்ணி வராததச் சொல்றீங்களாக்கும்?” என்றார்கள். மாமா வந்தார். மஞ்சளைப் பார்த்ததும், “திருவிழா மஞ்சத்தண்ணியா? பேஷ்” என்றார். அலுவலகத் தோழி குடத்தின் மூன்று ஓட்டைகளை இரண்டு கண்ணாகவும் ஒரு வாயாகவும் எடுத்துக்கொண்டாள். “திருஷ்டிப் பூசணிக்காயா? இத வாசல்லல்ல கட்டணும்! எதுக்கு உள்ள மாட்டியிருக்க?” என் வீட்டுக்காரர் படத்தைப் பார்க்கவில்லை, சட்டத்தைப் பார்த்தார். “இதுக்கு எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன தொகையைக் கேட்டபிறகுதான் படத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “கூடத்துல வேணாம்டி” என்று மட்டும் சொன்னாள். நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன் ஒரு துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டுவிடுகிறாள். ராத்திரி நான் எடுத்துவிடுவேன். மறுநாள் மறுபடி துண்டு. 17 சூப்பரையும் பொறுத்துக்கொண்டேன். இந்தத் துண்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

அது அப்பாவின் கொள்ளிக்குடம். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதால் சுடுகாட்டில் நடந்ததை நான் பார்த்ததில்லை. தம்பி தோளில் குடத்தோடு மூன்று சுற்று வந்திருப்பான், சுற்றுக்கு ஓர் ஓட்டை போட்டிருப்பார்கள், கடைசியில் திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் போட்டு உடைத்திருப்பான். இதெல்லாம் காதால் கேட்டது. பார்க்காததைத்தான் வரைந்தேன். வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடலாம். சொன்னால் “அய்யோ, அப்பாவா?” என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் படத்தை யார் பார்ப்பார்கள்?

நான் வரைவது ராத்திரியில். பகலெல்லாம் பற்று, வரவு. சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு ஆரம்பிப்பேன். எண்ணெய் வண்ணம் நமக்குத் தோதுப்படாது. டர்பன்டைன் வாடை சாம்பாரில் ஏறும், காய நாள்கணக்கில் ஆகும், அதுவரை குழந்தைகள் கைபடாமல் யார் காவல் காப்பது? அதனால் அக்ரிலிக். தண்ணீரில் கரையும், தண்ணீரில் கழுவலாம். இந்தத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் ஓவியர்களுக்கென்று அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1955-ல்தான். ஓவிய உலகத்தில் அது நேற்றுப் பிறந்த பிள்ளை. பிள்ளைக்கு அவசரமும் அதிகம். மதுரை சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, கலந்து வைத்த நிறம் தூரிகைக்கு வருவதற்குள் தட்டிலேயே தோல் கட்டிவிடும். தூரிகையைத் தண்ணீரில் போட மறந்து ஒரு போன் பேசிவிட்டு வந்தால் அது துடைப்பக்குச்சி.

இன்னொரு குணமும் உண்டு. அக்ரிலிக்கில் நிறத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசின், ஈரமாக இருக்கும்போது பாலாக வெளுத்திருக்கும். காய்ந்தால் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். அந்த வெள்ளை போய்விடுவதால் நிறம் ஒரு படி இருண்டுபோகும். ராத்திரி பதினொரு மணிக்கு நான் வைத்த குங்குமச் சிவப்பு, காலையில் பால் காய்ச்ச வரும்போது செங்கல் நிறத்தில் நிற்கும். ஆனால் என் கண் பழகியது ராத்திரியின் ஈரச் சிவப்புக்கு. எத்தனை முறை பார்த்தாலும் அதையேதான் பார்க்கும். காய்ந்துபோனதைக் காய்ந்தபடி பார்க்க வேறு ஒருவர் கண் வேண்டும். நான் ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் காட்டுவது இதற்காக. பாராட்டுக்கு அலைகிறேன் என்று எங்கள் நாத்தனார் சொல்லிக்கொண்டு திரிவது எனக்குத் தெரியும்.

“இது என்ன ஸ்டைல்?” என்று யாராவது கேட்டால் அன்றைக்கு எனக்குச் சனி. “குறியீட்டு எக்ஸ்பிரஷனிசம்” என்று சொன்னதும், வங்கி மேலாளர் கடன் விதிமுறையை விளக்கும்போது நாம் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டுவார்கள். விஷயம் ஒன்றும் கம்பசூத்திரமில்லை. கண்ணில் பட்டதை அப்படியே வரையாமல், மனசில் பட்டது எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக வரைவது எக்ஸ்பிரஷனிசம். பாரம் அதிகமென்றால் குடம் தலையைவிடப் பெரிதாகும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சொல்வது குறியீடு. 1905-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் கட்டடக்கலை படித்த நான்கு பையன்கள் சேர்ந்து ‘பாலம்’ என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். மனித முகத்துக்குப் பச்சையும் மஞ்சளும் அடித்தார்கள். சில வருஷத்தில் மூனிச்சில் ஃபிரான்ஸ் மார்க் குதிரைக்கு நீலம் அடித்தார். 1922 டிசம்பரில் கல்கத்தாவிலேயே காண்டின்ஸ்கி, பால் கிளே படங்களை எல்லாம் வரவழைத்துக் கண்காட்சி வைத்தார்கள். நூறு வருஷம் தாண்டிவிட்டது. எங்கள் மாமா இன்னும், “இதெல்லாம் இப்ப வந்த புது ஃபேஷன், ஒரு ரெண்டு வருஷம் ஓடும்” என்கிறார்.

சரி, அது வெளிநாட்டுச் சமாசாரம், விடுங்கள். “மூஞ்சி ஏன் பச்சையா இருக்கு, பித்தமா?” என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார்களே, அவர்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் போய்க் கும்பிடுகிற மீனாட்சி என்ன நிறம்? மரகதப் பச்சை. மூன்று முலையோடு பிறந்தாள், சிவனைக் கண்டதும் ஒன்று மறைந்தது என்று திருவிளையாடல் கதை சொல்கிறது. யாராவது “உடற்கூறு இடிக்குதே” என்று கேட்டதுண்டா? பெரியம்மா இருக்கிறாள். நான் ஒரு கதவு வரைந்தேன். ஊதாக் கதவு, கீழ் இடுக்கில் மட்டும் சிவப்பு வெளிச்சம். “கதவ மட்டும் வரஞ்சு வச்சிருக்க. ஆளக் காணோமே?” என்றாள். இந்தப் பெரியம்மா வருஷா வருஷம் ஆடியில் அழகர்கோயிலுக்குப் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி முன்னால் நின்று, கண்ணீர் விட்டுவிட்டு வருகிறவள். அங்கே சாமிக்கு உருவம் ஏது? அடைத்த கதவுதான் சாமி. கதவுக்குத்தான் சந்தனம். கதவுக்கு முன்னால்தான் சத்தியம். அங்கே ஆளைக் காணோம் என்று அவள் கேட்டதில்லை.

ஆக, நம்மவர்களுக்குக் குறியீடு புரியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிறந்ததிலிருந்து அதற்குள்தான் புரளுகிறோம். வாழைமரம் கட்டியிருந்தால் என்ன வீடு, வாசலில் கோலம் இல்லாவிட்டால் என்ன வீடு, எந்தக் குழந்தைக்கும் தெரியும். புதுக் கட்டடத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு முழியைப் பிதுக்கிக்கொண்டு தொங்குகிறதே திருஷ்டிப் பொம்மை, அதைவிடச் சுத்தமான எக்ஸ்பிரஷனிசம் டிரெஸ்டனில் உண்டா? கோயிலிலும் வாசலிலும் நன்றாகப் புரிகிறது. அதே கண் என் கூடத்துக்கு வந்ததும் குருடாகிவிடுகிறது. இதுதான் என் ஆதங்கம்.

மீனாட்சி கோயிலில் சுவாமி சந்நிதிக்கு முன்னால் கம்பத்தடி மண்டபம் இருக்கிறது. அங்கே ஊர்த்துவ தாண்டவரும் எதிரில் பத்திரகாளியும் நிற்கிறார்கள். ஆட்டத்தில் தோற்ற காளியின் முகத்தில் சிற்பி அவ்வளவு உக்கிரத்தை ஏற்றி வைத்திருக்கிறார். அதைப் பார்த்து நம் முன்னோர் என்ன செய்தார்கள்? வெண்ணெயை உருட்டி எறிந்தார்கள். கோபம் தணியட்டும், உடம்பு குளிரட்டும் என்று. காளியின் மார்பிலும் தோளிலும் வெண்ணெய் உருண்டைகள் அப்பிக்கிடக்கும். சின்ன வயதில் அப்பா என்னைத் தூக்கிக்கொள்ள, நானும் எறிந்திருக்கிறேன். என் உருண்டை அவள் முழங்கால்வரைகூடப் போகவில்லை. இப்போது யோசித்தால், ஒரு சிற்பத்துக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் உலகத்தில் யாராவது செய்திருக்கிறார்களா? கல்லில் இருக்கும் சூடு பார்க்கிறவரைச் சுடுகிறது. சுட்ட சூட்டுக்கு அவர் மருந்து எடுத்து வருகிறார். அந்தச் சிற்பியிடம் போய் யாரும் “சூப்பர், கீப் இட் அப்” என்று சொல்லவில்லை.

கீப் இட் அப் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருஷம் நகரத்தில் ஒரு மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் படங்களைச் சேர்த்துக் கண்காட்சி வைத்தார்கள். என்னிடம் ஒரு படம் கேட்டார்கள். தலைகீழ் மரம் ஒன்றைக் கொடுத்தேன். வேர் முழுக்க வானத்தில் விரிந்திருக்கும், கிளையும் இலையும் கீழே மண்ணுக்குள் இறங்கும். ஊரைவிட்டுப் போன எங்கள் தெருக்காரர்களை நினைத்து வரைந்தது. முதல் நாள் அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காமல் சாயங்காலம்தான் போனேன். போய்ப் பார்த்தால் மரம் நேராக நிற்கிறது. மாட்டிய புண்ணியவான், நான்தான் கொக்கியைத் தப்பான பக்கம் அடித்துவிட்டேன் என்று முடிவுகட்டி, எனக்கு உதவி செய்வதாக நினைத்துப் படத்தைத் திருப்பி, கொக்கியையும் கழற்றி மறுபக்கம் அடித்து மாட்டியிருக்கிறார். இதில் கொடுமை என்னவென்றால், வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு அதிகம் பேர் பாராட்டியிருந்தது அந்த மரத்தைத்தான். ‘இயற்கையை அப்படியே கண்முன் நிறுத்துகிறது’ என்று ஒருவர் முத்து முத்தாக எழுதியிருந்தார். மறுநாள் நான் திருப்பி மாட்டச் சொன்னேன். பாராட்டு நின்றுவிட்டது.

இப்படி நடப்பது மதுரையில் மட்டுமல்ல என்று பிற்பாடு தெரிந்து கொஞ்சம் ஆறினேன். 1961-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மத்தீஸ் செய்த பாய்மரப் படகுப் படம் ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். மேலே படகு, கீழே தண்ணீரில் அதன் நிழல். அதுதான் படம். 47 நாள் அப்படியே தொங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைக் கடந்து போனார்கள். பங்குத் தரகு வேலை செய்யும் ஒரு பெண்மணிதான் கண்டுபிடித்துச் சொன்னார். நிழல் போய் நிஜத்தைவிடச் சிக்கலாக இருக்குமா என்பதுதான் அவருக்கு உறுத்தியது. ஒரு லட்சத்தில் ஒருவர். அவரும் கணக்குப் பார்க்கிற ஆள்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

அடுத்து, என்மேல் கவலைப்படுகிறவர்கள். டைரியில் 4 என்று போட்டேனே, அவர்கள். குரலைத் தாழ்த்தி, “வீட்ல எதுவும் பிரச்சினையா? எதுனாலும் சொல்லு” என்பார்கள். சாம்பல் நிறம் அடித்தால் குடும்பத்தில் சண்டை, கறுப்பு அடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். கொலைக் கதை எழுதுகிறவரை யாரும் போலீசில் பிடித்துக் கொடுப்பதில்லை. படம் வரைந்தால் மட்டும் நாடி பிடித்துப் பார்க்கிறார்கள். நார்வேக்காரர் எட்வர்ட் மூங்க்குக்கும் இதே வியாதிதான் வந்தது. 1893-ல் அவர் வரைந்த ‘அலறல்’ படத்தின் மேல் மூலையில், பைத்தியம் பிடித்தவன்தான் இதை வரைந்திருக்க முடியும் என்கிற மாதிரி பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. வந்து பார்த்த எவனோ கிறுக்கிவிட்டுப் போனான் என்றுகூட ஒருகாலத்தில் நினைத்தார்கள். எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, எழுதியது மூங்க்கேதான் என்று 2021-ல் நார்வே தேசிய அருங்காட்சியகம் சொல்லிவிட்டது. 1895-ல் ஒரு மாணவர் கூட்டத்தில் அவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று ஒரு மருத்துவ மாணவர் பேச, அந்தக் காயத்தில் எழுதியிருக்கலாம் என்கிறார்கள். ஊர் சொன்னதைத் தன் படத்திலேயே தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்ட மனுஷனை நினைத்தால் வயிறு பிசைகிறது. நான் டைரியோடு நிறுத்திக்கொண்டேன்.

மாமாவுக்குத் தனிப் பத்தி வேண்டும். ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர். ஒருநாள் அவருக்கு நவீன ஓவியத்தில் ருசி உண்டாக்கியே தீருவது என்று கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படம் ஒன்றை ஒரு புத்தகத்தில் எடுத்துக் காட்டினேன். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர், 1966-ல் ஓவியர்களைச் சேர்த்துச் சோழமண்டலம் கலைக்கிராமத்தை உண்டாக்கியவர், 1963 வாக்கில் இந்த வரிசையைத் தொடங்கினார் என்று பீடிகையும் போட்டேன். கட்டம் கட்டமாக, பொடி எழுத்தும் கிறுக்கலும் உருவங்களுமாக, பழைய ஜாதக ஓலை மாதிரி இருக்கும் படம். எழுத்துப் போலவே தெரியும். படிக்கப் போனால் பிடிகொடுக்காது. மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். எனக்கு ஒரே சந்தோஷம். நிமிர்ந்து சொன்னார்: “லக்கினத்தக் காணோம். எவனோ அரகொறயா எழுதியிருக்கான்.”

சொல்லப்போனால் மாமா கால் மணி நேரம் பார்த்தாரே, அதுவே பெரிது. மற்றவர்கள் பார்வை மூன்று நொடி. அதற்குள், “எங்க பாப்பாவும் நல்லா வரைவா” வந்துவிடும். அல்லது, “இம்புட்டு நல்லாக் கை வருது, ஒரு பிள்ளையார் வரையலாம்ல? கிரகப்பிரவேசத்துக்குக் குடுக்கலாம்.” இல்லாவிட்டால், “இது என்ன விலைக்குப் போகும்?” போகாது என்றால் அவர்களுக்கு ஒரு நிம்மதி.

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதானே வரும், கேள்வியில்தான் கோளாறு என்று ஒருநாள் உறைத்தது. உடனே ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதினேன். ஒன்று, படத்தில் உங்கள் கண் முதலில் எங்கே போனது? இரண்டு, எந்த இடத்தில் அலுத்தது? மூன்று, எந்த இடம் பொய்யாகப் படுகிறது? பத்துப் பிரதி எடுத்து, வருகிறவர்களுக்குக் காபியோடு கொடுத்தேன். தம்பி மகள் ஏழாம் வகுப்பு. “அத்தை, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மார்க்?” என்று கேட்டாள். தோழி, “முதல் கேள்விக்கு விடை குடம்தானே? சரியா?” என்று என் முகத்தைப் பார்த்தாள். சரியான விடை என்று ஒன்று என்னிடம் ஒளித்துவைத்திருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். மூன்றாவது கேள்விக்கு ஒருவர்கூட எழுதவில்லை. “உங்களப் போயி பொய்னு எப்படிங்க சொல்றது?”

நியாயமும் பேச வேண்டும். போன மாதம் அலுவலகத் தோழியின் மகள் நாட்டிய அரங்கேற்றம். இரண்டரை மணி நேரம். நான் பாதியில் மளிகைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் மேடைக்கு ஓடி, அந்தப் பிள்ளையின் வேர்த்த கையைப் பிடித்து என்ன சொன்னேன்? “சூப்பர்டா கண்ணு.” அந்தப் பிள்ளையும் ஒரு டைரி வைத்திருந்தால் நான் 17-ல் ஒருத்தி.

இந்த நிலையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். படம் மாட்டிய நாளிலேயே பார்த்தவன். அன்றைக்கு “ம்” என்றான். அவ்வளவுதான். அந்த ‘ம்’மைக் கணக்கில் சேர்க்கக்கூட இல்லை நான். கூடப் பிறந்தவன், குடத்தைச் சுமந்தவன், அவனுக்கே ஒரு வார்த்தை வரவில்லையே என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காபியைக் கையில் வைத்துக்கொண்டு, படத்துக்கு முன்னால் வந்து நின்றான். ரொம்ப நேரம் நின்றான். காபியில் ஆடை கட்டிவிட்டது.

“தண்ணி முன்னால விழாதுக்கா” என்றான்.

“என்னது?”

“ஓட்ட பின்னாலதான போடுவாங்க. தண்ணி முதுகுல இறங்கும். மொத ஓட்டைக்குச் சில்லுனு இருந்துச்சு. மூணாவது ஓட்ட போட்டப்ப வேட்டி நனஞ்சு கால்ல சுத்திக்கிருச்சு. நடக்க முடியல. நான் என்னத்தப் பார்த்தேன்? எனக்கு ஒண்ணுமே தெரியல. முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு.”

இரண்டு வருஷத்தில் அவன் சுடுகாட்டைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஐந்து மாதமாக நான் ஊரெல்லாம் தட்டேந்திக் கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. எந்த இடம் பொய்? இந்த இடம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும். செய்ததைச் சொல்கிறேன். “டேய், இது குறியீடு. போட்டோ இல்ல. தண்ணி எங்க விழுந்தா என்ன? உனக்கு இதெல்லாம் புரியாது” என்று கத்திவிட்டேன். அவன், “சரிக்கா” என்று ஆறிய காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சூப்பர் சொன்னவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசினேன். உண்மையைச் சொன்னவனுக்குப் போன் செய்யவில்லை. நாத்தனார் சொன்னது சரியோ என்று ஒரு சந்தேகம்கூட வந்தது. அருவி மாதிரி முன்னால் கொட்டுகிற அந்த மஞ்சள், கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று நான் வைத்தது. மூன்று ஓட்டையும் வரிசையாகத் தெரியட்டும் என்று முன்பக்கம் திருப்பியது. அதனால்தான் அது கண்ணும் வாயுமாகிப் பூசணிக்காய் ஆனது. தோழியைத் திட்டியது தப்பு. அவள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

புதன்கிழமை ராத்திரி படத்தைக் கழற்றிச் சமையலறை மேசையில் கிடத்தினேன். காய்ந்த அக்ரிலிக்கைத் துடைக்க முடியாது. ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் மேலே பூசலாம். பச்சை முகத்தின் மேல் கறுப்பைப் பூசினேன். கால் மணி நேரத்தில் காய்ந்தது. மார்பு இருந்த இடத்தில் முதுகு வந்தது. குடத்தைத் தோளோடு இறக்கினேன். மஞ்சள் போய், தண்ணீர் தண்ணீராகவே முதுகுத்தண்டில் இறங்கியது. வேட்டியைக் காலோடு ஒட்டினேன். முடித்துப் பார்த்தபோது மணி இரண்டு. அவன் இப்போது நம்மைப் பார்க்கவில்லை. திரும்பாமல் போய்க்கொண்டிருக்கிறான்.

மறுநாள் சாயங்காலம் அம்மா விளக்கேற்ற வந்தாள். கையில் துண்டு. படத்துக்கு முன்னால் நின்றவள் துண்டைப் போட மறந்து நின்றாள். “ஈரத்தோடதான் வந்து நின்னான் வாசல்ல. தல துவட்டிக்கடான்னேன், கேக்கல” என்றாள். பிறகு துண்டைப் போட்டு மூடிவிட்டு விளக்கேற்றினாள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. 48 பேரில் அவளைச் சேர்க்காமல் விட்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தினமும் ஒரு துண்டை எடுத்து அவள் எறிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். “முதுகு வரஞ்சிட்டேன், வந்து பாரு” என்றேன். “ம்” என்றான். டைரியில் புதுப் பக்கம் திருப்பி, முதல் வரியில் அந்த ‘ம்’மை ஏற்றினேன்.

இன்று காலை எதிர்வீட்டு அக்கா தயிருக்கு உறை கேட்டு வந்தார்கள். கூடத்தில் நின்று, படத்தைப் பார்த்து, கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டார்கள்:

“இருந்த மொகத்தையும் அழிச்சிட்டீங்களே! மறுபடி எப்ப வரையப் போறீங்க?”